பிபிபி அளக்கும் மெஷின், உப்புக்காத்து அடிக்கும் ஊர்: இரட்டைத் தட அயன் குரோமட்டோகிராஃப் மதிப்பீடு

மெஷினுக்கு ஐந்துக்கு நாலு போடலாம். அதே மெஷினை மண்டபத்திலோ பாம்பனிலோ ஜன்னல் திறந்த அறையில் வைத்தால் ஒன்றரைதான். நடுவில் தொலைந்துபோகும் இரண்டரைப் புள்ளியை மீட்க அறைக்கும் தண்ணீருக்கும் கையுறைக்கும் காசு போட வேண்டும். விற்க வருகிறவர் அந்தக் காசைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால் இந்த மதிப்பீட்டில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

பொருள் இதுதான்: மேசைமேல் வைக்கிற அயன் குரோமட்டோகிராஃப், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளை அயனி அயனியாகப் பிரித்து அளக்கும் கருவி. குளோரைடு, நைட்ரேட், சல்பேட் வகையறாவுக்கு ஒரு தடம், அது எதிரயனித் தடம். சோடியம், அமோனியம், பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியத்துக்கு இன்னொரு தடம், அது நேரயனித் தடம். இரண்டிலும் தனித்தனி பம்ப், காப்புக் குழல், பிரிப்புக் குழல், பின்னணி மின்கடத்தலை அடக்கும் சப்ரஸர், மின்கடத்தல் செல். கூடவே மாதிரிக் குப்பிகளிலிருந்து வரிசையாகத் தானே உறிஞ்சி எடுக்கும் ஒரு ஆட்டோசாம்ப்ளர். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. இந்த வகையில் நாலைந்து பேர் விற்கிறார்கள், கீழே வரும் குறைநிறை அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும். லேபில் பிரிப்புக் குழலைக் ‘காலம்’ என்பார்கள். ‘காலம் போய்விட்டது’ என்று எழுதினால் வேறு அர்த்தம் வரும் என்பதால் இங்கே குழல்.

விளம்பரத் தாளில் துருவப் பனிப் படம் போட்டு, “இதையே அளக்கும் கருவி, உங்கள் ஊர்க் காற்று எம்மாத்திரம்” என்கிற தோரணையில் பேசுவார்கள். பேச்சு பொய் இல்லை. அண்டார்டிகா, கிரீன்லாந்துப் பனியில் பழைய காற்றுத் துகள்களைத் தேடுகிறவர்களின் அன்றாடக் கருவி இதுதான். பனி விழும்போது காற்றில் மிதந்த கடலுப்பு, மண்தூசி, எரிமலைக் கந்தகம் எல்லாம் கூடவே இறங்கி அடுக்கடுக்காகப் புதைகிறது. சோடியம் கடலுப்பைக் காட்டும், கால்சியம் மண்தூசியை, சல்பேட் எரிமலையையும் கடலில் மிதக்கும் நுண்பாசியையும், மீத்தேன்சல்போனிக் அமிலம் அந்தக் கடல்பாசியை மட்டும், அமோனியம் காட்டுத்தீயையும் உயிரினங்களையும். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததன் சல்பேட் சிகரம் இரண்டு துருவத்திலும் இருக்கிறது. அதற்கு முன்னால் 1809-ஐ ஒட்டி இன்னொரு சிகரம். எந்த எரிமலை என்று இன்றுவரை உறுதியாகவில்லை. கிழக்கு அண்டார்டிகாவின் டோம் சி-யில் துளையிட்டு எடுத்த பனித்தண்டு இப்படி 8 லட்சம் ஆண்டு பின்னால் போகிறது. நம் நாட்டில் இந்த வேலைக்கென்றே கோவாவில் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அங்கே மெஷின் சுத்தமான பனியை அளக்கிறது, சுத்தமான அறையில். இங்கே அறையே சோதனைக்கு வந்த மாதிரிபோல் உப்பாக இருக்கிறது.

ஒரு சொட்டுக் கணக்கு

டோம் சி போன்ற உள்மேட்டுப் பனியில் சோடியம் 20 பிபிபி, அதாவது உருகிய தண்ணீரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 கிராம். 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டுக் கடல்தண்ணீரில் 0.55 மில்லிகிராம் சோடியம். அந்த ஒரு சொட்டை அண்டார்டிகப் பனிநீரில் ஈடுகட்ட 27 லிட்டர் வேண்டும். மாதிரிக் குப்பியில் இருப்பதோ 5 மில்லி.

சொட்டு விழ வேண்டும் என்றுகூட இல்லை, காற்று போதும். கரையோரக் காற்றில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் சோடியம், அது வினாடிக்கு 1 செ.மீ. வேகத்தில் படிகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வாய் 1 சதுர செ.மீ. உள்ள திறந்த குப்பியில் மணிக்கு 18 நானோகிராம் விழும். 5 மில்லி தண்ணீரில் அது 3.6 பிபிபி. ஆட்டோசாம்ப்ளர் தட்டில் வரிசைக்குக் காத்திருக்கும் கடைசிக் குப்பி ஆறு மணி நேரம் திறந்திருந்தால் 20 பிபிபி தாண்டிவிடும். மாதிரியில் இருந்த அளவு இன்னொரு பங்கு கூடிவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் முதல் குப்பியிலிருந்து கடைசிக் குப்பிவரை சோடியமும் குளோரைடும் அழகாக ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்து ‘ஏதோ போக்கு தெரிகிறது’ என்று மகிழ்ந்தால் அறையின் போக்கைக் கண்டு மகிழ்கிறீர்கள். குப்பி வரிசையை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்; ஏறுமுகம் குப்பியோடு போகாமல் இடத்தோடு நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

ஆக, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆட்டோசாம்ப்ளரின் மூடி. ஊசி துளைத்துப் போகும் சவ்வு மூடி உள்ள குப்பியா, திறந்த குப்பியா? தட்டின் மேல் கதவு உண்டா? விலை குறைந்த மாடல்களில் தட்டு திறந்தவெளிதான். கரையோரத்துக்கு அது ஆகவே ஆகாது.

‘கண்டறியும் எல்லை 0.05 பிபிபி’ என்ற எண்ணுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. எல்லை என்பது வெற்று மாதிரியின் ஏற்ற இறக்கத்தில் மூன்று மடங்கு. சுத்தத் தண்ணீரையே மாதிரியாகப் பத்துத் தடவை ஓட்டி, சோடியத்தில் 1.5 பிபிபி ஏற்ற இறக்கம் வந்தால் உங்கள் எல்லை 4.5. மெஷின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த எண் கீழே இறங்காது. பனித்தண்டு ஆய்வின் பழைய பாடமும் இதுவேதான். அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனும் கூட்டாளிகளும் 1969-இல் கிரீன்லாந்துப் பனியின் ஈயத்தை வெளியிட்டபோது அவர்களுடைய பலம் கருவியில் மட்டும் இல்லை, அறையையும் பாத்திரத்தையும் கழுவிய விதத்தில் இருந்தது.

அறை

மண்டபத்தில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா; மீனவர் பேச்சில் ஆண்கடல், பெண்கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கிலிருந்து உப்பு, வாடை தொடங்கினால் வடக்கிலிருந்து உப்பு. இடையில் கிடைக்கும் ஓய்வு குறைவு. பாம்பன் பாலத்து இரும்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெஷினுக்கு உள்ளே உப்பு என்ன செய்யும்? சாதா உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தண்ணீர் விடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு முன்பே கசியத் தொடங்கும். சமையலறைக் கல்லுப்பு ஜாடி கசிகிற அதே சங்கதி. பகலில் ஏசி ஓடும்போது சர்க்யூட் பலகையில் படிந்த உப்பு உலர்ந்து சும்மா கிடக்கும். சாயந்தரம் ஏசியை அணைத்துவிட்டுப் போனால் ராத்திரி ஈரம் ஏறி, உப்பு நனைந்து, செம்புத் தடங்களை அரிக்கும். காலையில் மறுபடி உலரும். ஒரு மழைக்காலம் இப்படி ஓடினால் முதலில் கசிவு உணரி பொய்யாக அலறும், பிறகு விசிறி நிற்கும், பிறகு இணைப்பிகளில் பச்சை பூக்கும். மின்சாரச் செலவுக்குப் பயந்து ஏசியை அணைப்பது இந்த ஊரில் நஷ்டக் கணக்கு. ஏசி முடியாவிட்டால் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஒன்றாவது ராத்திரி முழுக்க ஓடி, ஈரப்பதத்தை 50-க்குக் கீழே பிடிக்க வேண்டும். ஏசியின் அவுட்டோர் யூனிட் பூச்சு போட்ட காயிலாக இருக்கட்டும், காற்றுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் இருக்கட்டும்.

அறைக்குள் வடிகட்டிய காற்றைத் தள்ளி, கதவு திறந்தால் காற்று வெளியே போகிற மாதிரி அழுத்தம் வைப்பது நல்ல ஏற்பாடு. அவ்வளவுக்கு வசதி இல்லையென்றால் வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் லேமினார் ஃப்ளோ மேசை ஒன்று போதும், ஆனால் குப்பி நிரப்புவது, மூடுவது, ஸ்டாண்டர்ட் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) கலப்பது எல்லாம் அதற்குள்ளேயே நடக்க வேண்டும். வாசலில் செருப்பு மாற்றுவதும் முக்கியம். கடற்கரை மணலில் நடந்த செருப்பு ஒரு சின்ன உப்பளம்.

தண்ணீர்

பாதி மாதிரிகள் கெடுவது தண்ணீரில். சுத்தத் தண்ணீர்க் கருவி 18.2 மெகாஓம் (தண்ணீரின் மின்தடை, உப்பு குறைந்தால் ஏறும்) காட்டினால் போதும் என்று நினைப்பார்கள். அந்த எண் கருவியின் வயிற்றுக்குள் எடுத்த எண். 1 பிபிபி உப்பு கலந்தாலே 18.2 என்பது 17.5-க்கு இறங்கிவிடும், அந்த வகையில் நல்ல காவல்காரன். ஆனால் குழாய் நுனியில் படிந்த உப்பு அதற்குத் தெரியாது. காலையில் முதல் ஒரு லிட்டரைக் கீழே விட்டுவிட்டுப் பிடியுங்கள், நுனியைக் கையால் தொடாதீர்கள். பிடித்த தண்ணீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது எதிரயனித் தடத்தில் கார்பனேட் மேடாக வரும், பக்கத்துச் சிகரத்தின் காலை வாரும். நேற்றுப் பிடித்த தண்ணீரில் இன்று ஸ்டாண்டர்ட் கலக்காதீர்கள்.

அந்தக் கருவிக்கு எந்தத் தண்ணீரை ஊட்டுகிறீர்கள் என்பது இன்னொரு கேள்வி. கரையோரப் போர் தண்ணீர் நேராகப் போனால் ஆர்ஓ சவ்வும் அயன் பிசினும் சீக்கிரம் தீர்ந்துவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் தொட்டியில் பிடித்துவைத்து ஊட்டுவது மலிவு. பிசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது சிலிக்காவும் போரானும். மெகாஓம் எண் அதைச் சரியாகக் காட்டாது. எண்ணை நம்பாமல் தேதி போட்டு மாற்றுங்கள்.

குப்பி, கையுறை விஷயத்தில் சில வரி. கண்ணாடிக் குப்பி சோடியத்தை விடும், வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் போதும். சுத்தத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, ஐந்தாறு தடவை அலசி, லேமினார் மேசையில் கவிழ்த்து உலர்த்துங்கள். உலோகம் அளக்கிறவர்கள் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் நைட்ரேட் சிகரம் தாளை விட்டு வெளியே போகும். நைட்ரைல் கையுறையும் நைட்ரேட் விடும், மாவு பூசிய கையுறை கால்சியம் விடும். போட்ட பிறகு சுத்தத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், அல்லது மேலே ஒரு சாதா பாலித்தீன் கையுறை. சிரிஞ்ச் வடிகட்டியைப் பிரித்த உடனே பயன்படுத்தினால் சோடியமும் குளோரைடும் வரும். 20 மில்லி சுத்தத் தண்ணீர் விட்டுக் கழித்த பிறகே மாதிரி. வியர்வையும் மூச்சும் அமோனியம். குப்பிமேல் குனிந்து பேசாதீர்கள்.

மெஷின் உள்ளே: எது நன்று, எது தொல்லை

எலூயன்ட் என்பது மாதிரியைக் குழல் வழியே தள்ளிக்கொண்டு போகும் கரைசல். எலூயன்ட் ஜெனரேட்டருக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். சுத்தத் தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கையால் சோடியம் ஹைட்ராக்சைடு கலப்பவர்கள் 50 சதவீதக் கரைசல் போத்தலின் நடுவிலிருந்து பிப்பெட்டில் எடுப்பது வழக்கம், ஏனென்றால் கார்பனேட் அதில் கரையாமல் அடியில் தங்கும். அப்படியும் கலந்த போத்தல் நாள்போக்கில் காற்றைக் குடித்து, கார்பனேட் சேர்ந்து, எல்லாச் சிகரமும் முன்னே நகரும். நேற்று சல்பேட் நின்ற இடத்தில் இன்று வேறு ஏதோ நிற்கும். ஜெனரேட்டரில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. குறைந்த செறிவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றவும் வசதி. ஃபுளோரைடு, அசிட்டேட், ஃபார்மேட், மீத்தேன்சல்போனேட் எல்லாம் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறவை. 1 மில்லிமோலாரில் மெதுவாக விட்டால்தான் பிரியும், பிறகு 30-ஐத் தாண்டி ஏற்றினால் சல்பேட் சட்டென்று இறங்கும்.

இப்போது ஒரு பொறி. நேரயனித் தடத்தின் எலூயன்ட் பெரும்பாலும் எது தெரியுமா? அதே மீத்தேன்சல்போனிக் அமிலம். லிட்டருக்கு 1.3 மில்லி கெட்டி அமிலம் ஊற்றினால் 20 மில்லிமோலார் கிடைக்கும். பக்கத்துத் தடத்தில் பிபிபி கணக்கில் தேடுகிற பொருளை இந்தத் தடத்தில் போத்தல் போத்தலாக ஓட்டுகிறீர்கள். ஒரு மைக்ரோலிட்டர் கெட்டி அமிலம் கையுறையில் ஒட்டியிருந்தால் 148 லிட்டர் தண்ணீரை 10 பிபிபி ஆக்கும். எதிரயனி வரைபடத்தில் மீத்தேன்சல்போனேட் எல்லா மாதிரியிலும், சுத்தத் தண்ணீரிலும்கூட, ஒரே உயரத்தில் வந்தால் கடல்பாசியைச் சந்தேகிக்க வேண்டாம். அமிலத்தை வேறு மேசையில், வேறு கையுறையோடு, வேலை முடிந்த பிறகு கலந்துவையுங்கள். கழிவுக் குழாய்கள் இரண்டையும் ஒரே கேனில் விடாதீர்கள். நேரயனித் தடத்துக்கும் ஜெனரேட்டர் உண்டு. வாங்க முடிந்தால் கெட்டி அமிலப் போத்தலையே அறைக்குள் விடாமல் இருக்கலாம். விலைப்பட்டியலில் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும், கேளுங்கள்.

இதே அமிலம் பனித்தண்டிலும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பனிக்குள்ளேயே அடுக்கு விட்டு அடுக்கு நகரும். உறைகிடங்கில் நெடுநாள் வைத்த தண்டிலிருந்து மெல்லப் பரவி வெளியேறவும் செய்யும். பழைய தண்டில் அளந்த எண் குறைவாக இருந்தால் மெஷினைத் திட்டக் கூடாது.

நேரயனித் தடத்தில் கரையோரக்காரர்களுக்கு உண்மையான தலைவலி அமோனியம். சோடியம் வந்த மறுநிமிஷம் அது வரும். துருவப் பனியில் சோடியம் குறைவு, பிரச்சினை இல்லை. நம் ஊர்க் காற்றை உறிஞ்சிப் பிடித்த வடிகட்டியின் உப்பைத் தண்ணீரில் கரைத்து விட்டால் சோடியம் மலைபோல் எழுந்து, அதன் சரிவில் அமோனியம் ஒரு மருவாக ஒட்டியிருக்கும். மென்பொருள் அதைத் தானாகக் கோடு போட்டு வெட்டும் விதம் கண்றாவி. ஒவ்வொரு வரைபடத்தையும் கண்ணால் பார்த்துக் கோட்டைத் திருத்தினால்தான் உண்டு. நீர்த்துவிட்டால் சோடியம் அடங்கும், அமோனியமும் காணாமல் போகும். அதிகக் கொள்ளளவுள்ள குழல் வாங்குவதே வழி. அமோனியத்தின் அளவுக் கோடு நேர்கோடாகவும் இருக்காது, ஏனென்றால் சப்ரஸர் அதை வலுக்குறைந்த காரமாக மாற்றிவிடுகிறது. 1, 2, 5, 10, 20, 50 பிபிபி என்று ஆறு ஸ்டாண்டர்ட் வைத்து வளைகோடு பொருத்துங்கள். நேர்கோடு போட்டால் கீழ்முனையில் பொய் சொல்லும். இந்தக் குறைந்த ஸ்டாண்டர்டுகளை அன்றன்றைக்கே கலக்க வேண்டும்.

கருவாட்டுக் களம் அருகே மாதிரி எடுத்தால் இன்னொரு விருந்தாளியும் உண்டு. மீன்வாடைக்குக் காரணமான ட்ரைமெத்திலமினும் அதன் உறவுகளும் நேரயனியாக வந்து அமோனியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவே தலைநீட்டும். குழலைப் பொறுத்து பொட்டாசியத்தின் தோளிலேயே உட்காரும். பொட்டாசியத்தை விறகுப் புகைக்கு அடையாளமாக எடுக்கிறவர்கள் இதில் ஏமாறுவது எளிது.

சப்ரஸர் இந்த மெஷினின் உயிர். உள்ளே இருக்கும் சவ்வு காயக் கூடாது. ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் தண்ணீர் நிரப்பி இரு முனையும் அடைத்துவையுங்கள். மின்வெட்டில்தான் ஆபத்து அதிகம். பம்ப் நின்று, சப்ரஸருக்கு மட்டும் மின்னோட்டம் போனால் சவ்வு கருகும். பம்ப் நின்றால் சப்ரஸரும் ஜெனரேட்டரும் தானாக அணையும் பூட்டு மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். யூபிஎஸ் மெஷினுக்கு மட்டும் போதாது, கம்ப்யூட்டருக்கும் வேண்டும். இரண்டில் ஒன்று செத்தாலும் அன்றைய வரிசை வீண்.

மின்கடத்தல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். செல்லும் குழலும் சூடு கட்டுப்படுத்திய பெட்டிக்குள் இருக்கும் மாடலையே எடுங்கள். அடித்தளக் கோடு பகலில் ஏறி ராத்திரி இறங்கினால் அறைச் சூடு உள்ளே வருகிறது என்று அர்த்தம். கோடு பம்ப் அடிக்கும் தாளத்தில் துடித்தால் காற்றுக்குமிழி அல்லது வால்வில் அழுக்கு.

உப்பளமும் கடல்பனியும்

இந்த மெஷின் நம் கரையில் பெயர் வாங்குகிற இடம் ஒன்று உண்டு. பனித்தண்டுக்காரர்கள் சல்பேட்டிலிருந்து கடலுப்பின் பங்கைக் கழித்துத்தான் எரிமலையைத் தேடுவார்கள். கடல்தண்ணீரில் ஒரு கிராம் சோடியத்துக்கு 0.252 கிராம் சல்பேட். உள்மேட்டுப் பனியில் சோடியம் 20, சல்பேட் 90 என்றால் கழிவது வெறும் 5. மிச்சம் 85. அளவீட்டில் 5 சதவீதப் பிழை இருந்தாலும் மிச்சத்தின் பிழை அதே அளவில்தான் நிற்கும்.

நம் ஊர் வடிகட்டிக் கரைசலில் சோடியம் லிட்டருக்கு 4 மில்லிகிராம், சல்பேட் 1.30 என்று வைத்துக்கொள்வோம். கழிக்க வேண்டியது 1.01. மிச்சம் 0.29. அதே 5 சதவீதப் பிழை இப்போது சல்பேட்டில் 0.065, கழிக்கும் பங்கில் 0.05, இரண்டும் சேர்ந்து 0.08. மிச்சத்தில் 28 சதவீதம் பிழை! பனிக்குப் போதுமான மெஷின் கரைக்குப் போதாமல் போவது இங்கேதான். இந்த வேலைக்குத் தேவை நுண்ணளவை அல்ல, திரும்பத் திரும்ப ஒரே எண் தரும் ஒழுங்கு. ஒரே கரைசலை ஏழு தடவை ஓட்டி, பரவல் 1 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

0.252 என்ற எண்ணும் வேதவாக்கு இல்லை. அண்டார்டிகக் கரையில் கடல் உறையும்போது −6 முதல் −8 டிகிரியில் மிராபிலைட் என்ற சோடியம் சல்பேட் உப்பு படிந்து பிரிந்துவிடுகிறது. அங்கிருந்து பறக்கும் உப்பில் அந்த விகிதம் 0.07 வரை இறங்கும். 0.252 போட்டுக் கழித்தால் மிச்ச சல்பேட் பூஜ்யத்துக்குக் கீழே போகும்; குளிர்கால மாதிரிகளில் அப்படி வந்ததுதான் இதைக் காட்டிக்கொடுத்தது.

வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் வெயில் அதே வேலையை வேறு வழியில் செய்கிறது. பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட 13, 15 டிகிரி போமேயை (உப்புத் தண்ணீரின் அடர்த்தி அளவு) ஒட்டி ஜிப்சம் அடியில் படியும். 25 வந்தால் உப்பு பூக்கும். உப்பு வாரிய பின் கசப்புத் தண்ணீரில் மிச்ச சல்பேட்டும் மெக்னீசியமும் தங்கிவிடும். ஆக, உப்பு அம்பாரத்திலிருந்து கச்சான் கிளப்பும் தூளில் சோடியம் நிறைய, சல்பேட் சொற்பம். மேலே சொன்ன 4 மில்லிகிராம் சோடியத்தில் பாதி அளத்து உப்பு என்றால் கழிக்க வேண்டியது 0.50 மட்டுமே. மிச்சம் 0.29 இல்லை, 0.80. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்னீசியத்தைப் பாருங்கள். கடலில் சோடியத்துக்கு 0.12 பங்கு. வடிகட்டியில் அது தெளிவாக 0.12-க்குக் கீழே இருந்தால் அளத்து உப்பு கலந்திருக்கிறது. கால்சியம் 0.038-க்கு மேலே போனால் பவளக்கல் தூசியோ மண்ணோ. இந்த மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தருவதால்தான் நேரயனித் தடத்துக்கும் சேர்த்துக் காசு போடச் சொல்கிறோம். எதிரயனித் தடம் மட்டும் வாங்கி மிச்சம் பிடிப்பது இந்தக் கரைக்குப் பொருந்தாது.

யாருக்கு வேண்டாம்

மாதிரி எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுகிறவர்களுக்கு. ஒரு ஓட்டம் 20 நிமிஷம். 100 மீட்டர் பனித்தண்டை 5 செ.மீ. துண்டாக வெட்டினால் 2000 மாதிரி, இடைவிடாமல் 28 நாள். ஸ்டாண்டர்டும் வெற்று மாதிரியும் தனி. அதனால்தான் பெரிய ஆய்வகங்கள் தண்டைச் சூடான தலையில் நிறுத்தி உருக்கிக்கொண்டே அளக்கும் தொடரோட்ட முறைக்குப் போய்விட்டன. நிமிஷத்துக்குச் சில செ.மீ. உருகும், தொட்டுத் துளைபோட்ட வெளிப்பகுதியின் தண்ணீர் வடிந்து கழிவுக்குப் போக, நடுப்பகுதி மட்டும் குமிழி நீங்கி கருவிகளுக்குப் போகும். துளையிடும் திரவத்தின் அழுக்கு வெளிப்பகுதியோடு ஒழியும். அந்தத் திரவத்தில் எஸ்டிசால் என்று ஒரு வகை உண்டு; தேங்காயிலிருந்து வருகிற எஸ்டர். நம் ஊர்ச் சரக்கு அங்கேயும் போயிருக்கிறது.

பழகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஐஸ் கம்பெனிக் கட்டி நல்ல பாடம். வெளிப்புறம் கண்ணாடிபோல் தெளிவு, நடுத்தண்டு வெள்ளை. உறையும்போது உப்பையும் காற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டே போனதன் அடையாளம் அது. இரண்டு இடத்திலும் துண்டு எடுத்து உருக்கி ஓட்டினால் வித்தியாசம் வரைபடத்தில் தெரியும். குளிர்பெட்டியில் பாதி உறைந்த குப்பியிலிருந்து ஏன் மாதிரி எடுக்கக் கூடாது என்பதும் விளங்கிவிடும்: முழுக்க உருகவிட்டு, பத்துத் தடவை தலைகீழாகக் கவிழ்த்து, பிறகே ஊசி. சுத்தத் தண்ணீரை உறையவைத்து, பீங்கான் கத்தியால் மேல்தோலைச் சுரண்டி, உள்துண்டை உருக்கி ஓட்டுவது அடுத்த கட்டம். அதில் வரும் எண்தான் உங்கள் கையின் அழுக்கு.

விற்பனைக்குப் பிந்திய சேவைக்கு மதிப்பெண் குறைவு. பொறியாளர் சென்னையிலிருந்து வர வேண்டும், வந்து பார்த்துவிட்டு ‘பாகம் வரவழைக்கணும்’ என்று திரும்புவது சகஜம். பம்ப் சீல், செக் வால்வு, ஊசி வால்வின் ரோட்டர் சீல், காப்புக் குழல் இரண்டு, சப்ரஸர் ஒன்று ஆகியவற்றை முதல் விலையிலேயே சேர்த்து எழுதிவாங்குங்கள். பீக் பிளாஸ்டிக் இணைப்பிகள் மட்டுமே வேண்டும் என்றும் எழுதுங்கள். எஃகு இணைப்பி இங்கே துருப்பிடிக்கும்.

பணம் முழுவதையும் கொடுக்கும் முன் ஒரு சோதனை வையுங்கள். தேதியை நீங்கள் சொல்லுங்கள். கச்சான் ஊளையிடும் ஆடி மாதமாக இருக்கட்டும். பத்துக் குப்பியில் உங்கள் சுத்தத் தண்ணீர், ஐந்து மூடியது, ஐந்து திறந்தது, மாறி மாறித் தட்டில். ராத்திரி பத்து மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கி, நடுவில் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டு, காலையில் சோடியம் வரிசையை மட்டும் தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.